சோப்ரானோவில் இடமிருந்து மூன்றாவது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதைவிடப் பெரிய சீக்கு, என் காதைப் பற்றி எனக்கு இருந்த கர்வம். கேரள எல்லையில் காரோட்டுப் பக்கம் எங்கள் பழைய மிஷன் சபையில் இருபத்தாறு வருஷம் பாடகர் குழுவை நடத்தினவன் நான். நாற்பது பேர் சேர்ந்து பாடும்போது எவன் சுருதி இறங்குகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். சொல்வதோடு விடமாட்டேன், எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்திச் சொல்வேன். 'மாஸ்டருக்க காது பாம்புக்க காது' என்று ஊரில் சொல்வார்கள். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் அவள் இல்லாத குறை எனக்குச் சோற்றிலும் துணியிலும்தான் தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவுதான் தெரிந்தது. இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. முகம் வருகிறது, நடை வருகிறது, கோபம் வந்தால் பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம்கூட வருகிறது. குரல் மட்டும் வரவே இல்லை. பயந்துபோனேன்.

தேடினேன். அவள் வாட்ஸப் பக்கம் போனவள் அல்ல. கடைசிவரை பட்டன் போன்தான். மகனுடைய கல்யாண வீடியோவில் வருகிறாள், சிரிக்கிறாள், யாரிடமோ ஏதோ சொல்கிறாள். வீடியோக்காரன் அதன்மேல் முழுக்க முழுக்கப் பாட்டைப் போட்டுத் தொலைத்திருக்கிறான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேசட். ஒரு அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் குழு பாடியதை மைக் செட்டுக்காரர் பதிவு செய்து கொடுத்தது. இடதுபக்கம் ஒரு மைக், வலதுபக்கம் ஒரு மைக். இடதுபக்கம் முன்வரிசையில் சோப்ரானோ, அதாவது உச்சத்தில் பாடும் பெண்கள். அதில் இடமிருந்து மூன்றாவது ஆள் என் மனைவி. நிற்க வைத்தவனே நான்தான், அதனால் இடம் தப்பாது.

என்னிடம் மச்சான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஸ்டீரியோ ரிசீவர் உண்டு. அதனோடு சேர்த்து வைக்க, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கிறவரிடம் ஒரு ஈக்வலைசர் வாங்கியிருந்தேன். இடதுக்குப் பத்து, வலதுக்குப் பத்து என்று மேலும் கீழும் நகர்த்துகிற குமிழ்கள். முதல் குமிழ் ஆர்மோனியத்தின் அடிச்சத்தத்துக்கு, கடைசிக் குமிழ் 'ஸ்' என்ற இரைச்சலுக்கு. நடுவில் மனிதக் குரல்கள். ஆண்களை இறக்கி, பெண்கள் இருக்கிற இடத்தை ஏற்றி, பேலன்ஸை இடதுபக்கம் முழுக்கத் திருப்பிவிட்டால் முன்வரிசை மட்டும் மிஞ்சும். அந்த வரிசையிலிருந்து என் பெண்டாட்டியின் குரலை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வேறு யாரால் முடியாவிட்டாலும் என் காதால் முடியும் என்று நம்பினேன்.

நாலு நாள் சாப்பாட்டு நேரம் தவிர அதன் முன்னால்தான் இருந்தேன். குமிழை ஒரு நூல் ஏற்றுவேன், ஒரு நூல் இறக்குவேன், கேசட்டைத் திருப்பி ஓட்டுவேன். ஈக்வலைசரின் முகப்பில் பச்சை விளக்குகள் பாட்டுக்குத் தக்கபடி குதித்துக்கொண்டிருந்தன. நாலாம் நாள் மத்தியானம் கேட்டுவிட்டேன். இரண்டாவது சரணத்தில், மெல்லிசாக, கொஞ்சம் நடுங்கி, அவளேதான். வாய்விட்டு அழுதேன். மகன் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தேன்.

அவன் ஒரு சரணம் கேட்டான். பிறகு குனிந்து ரிசீவரின் முகப்பைப் பார்த்தான். எல்லாக் குமிழ்களையும் உள்ளங்கையால் ஒரே இழுப்பாகக் கீழே இறக்கினான். பாட்டு இம்மியும் மாறவில்லை.

"அப்பா, டேப் மானிட்டர் பட்டன் அமுக்கவே இல்லியே."

"அமுக்காட்டி என்னலே? லைட்டு ஆடுதுல்லா?"

"லைட்டு ஆடும். சத்தம் இதுக்குள்ள போனாலும் திரும்பி வரல்ல. நேரா ஸ்பீக்கருக்காக்கும் போவுது. நீங்க நாலு நாளா குமிழை நீக்கினது ஒண்ணும் பாட்டுல சேரேல்ல."

"அப்பம் நான் கேட்டது என்னது? பொய்யா? எனக்க காது எனக்கிட்டயே பொய் சொல்லிப் போட்டுதா? எழும்பிப் போலே!"

அவன் பட்டனை அமுக்கிவிட்டு எழுந்து போனான். சற்று நேரத்தில் வெளியே யாரிடமோ போனில் மலையாளத்தில், "அப்பன் ஆ செட்டும் வெச்சு களிக்குவா" என்று சொல்வது கேட்டது. நான் விளையாடிக்கொண்டிருக்கிறேனாம். எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் நான் அழுத அழுகை எதற்கு என்று எனக்கே தெரியாமல் போயிருந்தது. அசடு வழிய அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பட்டனை அமுக்கின பிறகு அந்தப் பெட்டி வேறு பெட்டி. குமிழைத் தொட்டால் பாட்டு நெளிந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், ஆர்மோனியம் போனது. முன்வரிசை பக்கத்து அறையில் நின்று பாடுகிற மாதிரி தெளிந்து வந்தது. முதல் ஆள், மூக்கால் பாடும் ஒரு டீச்சர். வந்தாள். இரண்டாமவள் வரி முடியும் முன்பே மூச்சு வாங்குவாள், எத்தனை திட்டியும் திருந்தாதவள். அந்த மூச்சுகூடக் கேட்டது. நாலாவது, ஐந்தாவது, எல்லோரும் வந்தார்கள். செத்துப்போன ஒருத்தியும் வெளிநாட்டில் இருக்கிற ஒருத்தியும்கூட வந்தார்கள். மூன்றாவது இடத்தில் ஒன்றுமில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு போய்ப் போய்த் தடவுகிற மாதிரி ஒரு வாரம் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தேன்.

மைக் செட்டுக்காரரைத் திட்டினேன். கேசட்டைத் திட்டினேன். அந்த ஈக்வலைசரை விற்றவர் தலையில் இடி விழ என்றேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அந்த வரிசையில் நாலாவதாக நின்றவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். திருப்புறம் ஊரில் கட்டிக்கொடுத்த பெண். மாதம் ஒருமுறை தாய்ச்சபைக்கு வருவாள். என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கேசட்டைப் போட்டேன்.

"உனக்க குரலு இதா கேக்குது. இந்தப் பக்கம் நிண்ணவளும் உண்டு. நடுவில அவளைக் காணல்ல. நீ தோளோட தோள் நிண்ணவளாச்சே, எந்த இடத்துல கேக்குதுண்ணு சொல்லு மக்கா."

அவள் கேட்டாள். பாதியிலேயே முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாஸ்டரே, இதுல அக்காளைத் தேடாதீங்க. கிட்டாது."

"ஏன் கிட்டாது?"

"அக்கா பாடல்ல."

"அண்ணைக்குத் தொண்டை கட்டியிருந்துதா?"

"அண்ணைக்கு மட்டும் இல்ல. எப்பளும் பாடமாட்டா. நீங்க ஒருநாள் பிராக்டீஸுல பாட்டை நிறுத்தி, அக்காளை எழும்பச் சொல்லி, 'மொத்தத்தையும் கெடுக்கியது நீயாக்கும், வாயை அசைச்சாப் போரும், சத்தம் வேண்டாம்'ணு சொன்னீங்கல்லா? அதுக்குப் பொறவு அக்கா வாயை மட்டும்தான் அசைச்சா."

சொன்னேன்தான். அவள் சொல்லச் சொல்லத்தான் நினைவுக்கு வந்தது. பெண்டாட்டி என்று பார்க்கமாட்டேன், பாட்டு என்றால் பாட்டு என்று நாற்பது பேருக்கும் காட்டுவதற்காகச் சொன்னது. காட்டியும் விட்டேன். அன்றைக்குப் பெருமையோடு வீட்டுக்கு வந்து, அவள் விளம்பியதை வயிறு முட்டச் சாப்பிட்டிருப்பேன். அது கேசட் பதிவுக்கு எவ்வளவோ முன்னால். அதற்குப் பிறகு நான் குழுவை விடும்வரை பதினாலு வருஷம். சனிக்கிழமை பிராக்டீஸுக்கு அவசர அவசரமாகச் சமையலை முடித்துவிட்டு வருவாள். பண்டிகைக்கு எல்லோரும் எடுக்கிற அதே நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, மூன்றாவது இடத்தில் நின்று, வரிக்கு வரி வாயைத் திறந்து மூடியிருக்கிறாள். இரண்டு கை தூரத்தில் அவளுக்கு நேரே நின்று நான் தாளம் போட்டிருக்கிறேன். பண்டிகை முடிந்து திரும்பி நடக்கும்போது, "இந்தத் தடவை சோப்ரானோ பரவாயில்ல" என்பேன். "ஆமா" என்பாள்.

ஒரு தடவையாவது என்மேல் எரிந்து விழுந்திருக்கலாம், பாவி. விழவில்லை. எரிந்து விழும் உரிமையை அந்த வீட்டில் நான் ஒருத்தனே வைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெண்தான் எழுந்து வந்து, எந்தப் பட்டன் என்று தெரியாமல் தடவி, நிறுத்தினாள்.

"அப்பம் அவ பாட்டையே விட்டுட்டாளா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? மாதர் சங்கத்துல அக்காதானே பாட்டு எடுத்துக் குடுப்பா. வீட்டு ஜெபத்துக்குப் போவும்போ, ஆஸ்பத்திரியில தீனக்காரங்களைப் பாக்கப் போவும்போ, எல்லா எடத்துலயும் அக்காதான் பாடுவா. நீங்க இல்லாத எடத்துல."

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா பாடுவாளா மக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பதினாறு வயசில் என் குழுவுக்கு வந்த பெண், அதுவரை என் முகத்தை நேரே பார்த்துப் பேசினதே இல்லை.

"அதை என்கிட்டயா கேக்கியீங்க, மாஸ்டரே?" என்றாள்.