அக்கா தூக்காத கொடி

சலவைக்கடை நடத்துகிறவளுக்கு ஊரில் யார்மேலும் பெரிதாக மரியாதை வராது. கோட்டும் டையுமாக மிடுக்காகப் போகிறவரின் காலர் உள்பக்கம் எந்த நிறத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒழுக்கத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறவரின் சட்டைப் பையிலிருந்து என்னென்ன வந்து விழும் என்பதும் தெரியும். அக்கா சின்ன வயதில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க ஆரம்பித்தவள். கால் கடுக்க நின்றே பாதி வாழ்க்கையைத் தள்ளிவிட்டு, வீட்டின் முன்னறையில் ஒரு நீராவி இஸ்திரி மேஜை போட்டுச் சொந்தக் கடை வைத்தாள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளோ யாரையும் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நீலக் கர்ட்டன் வந்துச்சு’, ‘கிழிஞ்ச பாக்கெட் இன்னும் வரல’ என்று துணியை வைத்துத்தான் ஆளைச் சொல்வாள்.

அவளுடைய இளக்காரத்தில் முதல் பங்கு அவள் வீட்டுக்காரருக்கும், அவரோடு சேர்ந்து பந்து உதைக்கிற கூட்டத்துக்கும். அந்த ஊரில் இரண்டு கால்பந்து கிளப்புகள் உண்டு. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் சிவப்பு. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டும் மோதிக்கொள்ளும். அன்று காலையில் இரண்டு கிளப்பின் ரசிகர்களும் தங்களுக்குள் ஒரு பந்தயம் ஆடுவார்கள். சாயங்காலம் ஆடுகிறவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள். காலையில் ஆடுகிறவர்கள், சாயங்காலம் கேலரியில் உட்கார்ந்து அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்கள். வித்தியாசம் தொப்பையிலேயே தெரிந்துவிடும்.

பச்சை ரசிகர்களின் அணிக்கு அவள் வீட்டுக்காரர்தான் கோல்கீப்பர், அவர்தான் கேப்டன். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க லிஃப்டுக்கு அடியில் குழிக்குள் முட்டிபோட்டு உட்கார்ந்து, கிரீஸில் ஊறிக்கொண்டிருப்பார். மேலே ஏறி இறங்குகிற எவருக்கும் அவர் முகம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு கேப்டன் ஆகிவிடுவார். மனைவியைத் தவிர எல்லாரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் திரும்ப மாட்டார்.

பச்சைக் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கேலரியில் இருக்கும்போது, எதிராளி பந்தோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே போதும், மொத்தப் பேரும் வலது கையை உயரத் தூக்கி “ஆஃப்சைட்!” என்று கத்துவார்கள். உண்மையிலேயே ஆஃப்சைடா என்று பார்க்கிற வேலையெல்லாம் கிடையாது. கத்திக் கத்தி அது கைக்கே பழகிப் போயிருந்தது. அதனால் தாங்களே ஆடும்போதும் அப்படித்தான். பந்தைத் தடுக்க ஓடவேண்டிய நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்து நிற்பார்கள். நடுவர் அவர்களைக் கண்டுகொள்ள மாட்டார், பந்து வலைக்குள் போய்ச் சேரும். இப்படியே எத்தனையோ வருஷமாகத் தோற்றுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் இருந்தது. காற்று, வெயில், நடுவர், புதுப் பந்து. தங்கள் மேல் தப்பு இருக்கலாம் என்று ஒருத்தருக்கும் கனவில்கூடத் தோன்றியதில்லை.

அந்தத் தோல்விகளில் ஒன்றுக்குப் பிறகு கேப்டன் எல்லார் முன்னாலும் சபதம் போட்டார். சிவப்பை ஒரு தடவையாவது ஜெயிக்காமல் கையுறையைக் கழற்றுவதில்லை. கூட்டம் கைதட்டியது. அப்போது அக்காவுக்கு அது வெறும் சிரிப்பாக இருந்தது.

சிரிப்பு நின்றது முட்டி வலி வந்த பிறகுதான். வலது முட்டியில் சவ்வு கிழிந்திருக்கிறது, இனிமேல் குதித்து விழுந்தால் முட்டி மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டி மடங்காத மனுஷனுக்கு லிஃப்ட் குழிக்குள் என்ன வேலை? அக்கா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், ஒரு வாரம் பேசாமல் இருந்தும் பார்த்தாள். “ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டா விட்டுடறேன்” என்பதுதான் பதில். முட்டி விஷயத்தை அணியில் ஒருத்தரிடமும் அவர் மூச்சு விடவில்லை. ஆகவே, பச்சை ஜெயிக்க வேண்டும் என்று அந்த ஊரிலேயே மனசார வேண்டிக்கொண்ட ஆள், கால்பந்து என்றாலே முகம் சுளிக்கிற அக்காதான்.

இந்தப் பந்தயத்தில் கோட்டோரம் கொடி பிடிக்க ஆளுக்கு ஒரு பக்கம் என்று இரண்டு அணியும் ஒவ்வொருவரை அனுப்ப வேண்டும். பச்சைக்கு எப்போதும் கொடி பிடிக்கிற பேக்கரிக்காரர் அந்த வருஷம் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். முந்தின நாள் கேப்டன் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நெளிந்தார்.

“நீ வந்து கொடி பிடிக்கணும்மா.”

“நானா? எனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி?”

“பெருசா ஒண்ணும் இல்ல. அவங்க ஆளு பந்தை முன்னால அடிக்கிற நேரத்துல பாரு. வாங்கப்போறவன் நம்ம ஆளுங்க எல்லாரையும் தாண்டி, என் எதிர்ல தனியா நின்னான்னா கொடியைத் தூக்கு. நம்ம ஆளு ஒருத்தர் அவனைவிட கோல் பக்கத்துல நின்னாக்கூட தூக்கக்கூடாது. அவ்வளவுதான்.”

“சந்தேகமா இருந்தா?”

“என்னைப் பாரு. நான் கையைத் தூக்கினா நீயும் தூக்கிடு.”

“அதுக்குப் பேரு சந்தேகமா? திருட்டுத்தனமா?”

“அதுக்குப் பேரு கால்பந்து” என்றார் கேப்டன் பெருமையாக. பிறகு அவள் போன் எண்ணை அணியின் குரூப்பில் சேர்த்துவிட்டார். மரியாதைக்கு.

மைதானத்துக்கு அக்கா தன் கடைச் செருப்போடுதான் போனாள். வந்து நின்ற பதினோரு பச்சைச் சட்டைகளும் அவள் கையால் இஸ்திரி போட்டவை. அதிலாவது குறை இல்லை. உள்ளே இருந்த ஆட்களைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. முன்னால் ஓட வேண்டிய பெயின்டர், ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் தடுக்க வேண்டிய டிரைவிங் ஸ்கூல்காரர் மற்ற எல்லாருக்கும் கையை ஆட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கேப்டன் கைகளைத் தட்டி, “பசங்களா, மூச்சை விடாதீங்க!” என்று கூவினார். பசங்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

ஆனால் அன்றைக்கு என்னவோ நடந்தது. பெயின்டர் பந்தை உதைக்கப் போய்க் கால் தவறி விழுந்தான். பந்து அவன் பிட்டத்தில் பட்டுத் திரும்பி கோலுக்குள் போனது. அவன் எழுந்து, திட்டமிட்டுச் செய்தவன் மாதிரி மைதானத்தைச் சுற்றி ஓடினான். இடைவேளை வரை பச்சை ஒன்று, சிவப்பு பூஜ்யம். அக்காவுக்கு நெஞ்சு படபடத்தது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. இந்தக் கோமாளிகளுக்காகவா என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது? அவர்களுக்காக இல்லை, அந்த முட்டிக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு சிவப்பு ஒரு கோல் போட்டுச் சமம் செய்தது. சமமாகவே முடிந்தால் பெனால்டி. பெனால்டியில் ஓட வேண்டியதில்லை, அதனால் பச்சைக்கும் வழி இருந்தது. நடுவராக வந்திருந்த பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் ஊதித் தொலையுங்கள் என்று முணுமுணுத்தாள்.

அப்போதுதான் சிவப்பின் பக்கமிருந்து ஒருத்தன் பந்தை நீளமாக முன்னால் அடித்தான். அதை வாங்க ஒரு நெட்டையன் காத்திருந்தான். பச்சைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னால் நகர்ந்து, ஒரே நேரத்தில் வலது கையைத் தூக்கி, “ஆஃப்சைட்!” என்று கத்தினார்கள். கத்திவிட்டு நின்றும் விட்டார்கள். கேலரியே இறங்கி வந்து மைதானத்தில் நின்றது போல இருந்தது. கோலில் நின்ற கேப்டனின் கையும் மேலே இருந்தது. அவர் அக்காவைத்தான் பார்த்தார். நடுவரும் அக்காவைத்தான் பார்த்தார்.

அக்கா பார்த்தது வேறு. எல்லாரும் முன்னால் போயிருந்தார்கள், டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் போகவில்லை. அவர் மூச்சு விட முடியாமல் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றார். அவர் அங்கே நிற்கிறவரை ஆஃப்சைடாவது மண்ணாங்கட்டியாவது. இடது கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கி அவரும் ‘ஆஃப்சைட்’ என்று கத்திக்கொண்டிருந்தார்.

கொடியைத் தூக்கினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பெனால்டி வரும், ஜெயித்தாலும் ஜெயிக்கலாம், முட்டியும் தப்பும், வேலையும் தப்பும். அவள் கை பாதி தூரம்கூடப் போனது. ஆனால் அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடவும் மாட்டார்கள், தடுக்கவும் மாட்டார்கள், பொய்யை மட்டும் இன்னொருத்தி வந்து சொல்ல வேண்டும். இதுகளுக்காக நான் பொய் சொல்ல வேண்டுமா? அவள் கையைக் கீழே இறக்கினாள். நெட்டையன் அவசரப்படாமல் பந்தைத் தட்டினான். அது உருண்டு, கை தூக்கியபடி நின்ற கேப்டனைத் தாண்டி உள்ளே போனது. குனிந்திருந்தால் எடுத்திருக்கலாம். சிவப்பு இரண்டு, பச்சை ஒன்று. விசில் ஊதிவிட்டார்கள்.

உடை மாற்றுகிற அறை என்பது மைதானத்துச் சாமான் போடுகிற கொட்டகை. ஈரச் சட்டைகளை மூட்டை கட்ட அக்கா உள்ளே போனாள். பெயின்டர்தான் முதலில் ஆரம்பித்தான்.

“அக்கா, ஒரு கொடியைத் தூக்க உங்களுக்கு என்ன கஷ்டம்? நாங்க அத்தனை பேரும் கையைத் தூக்கினோமே.”

“பொம்பளைங்களுக்கு ஆஃப்சைட் புரியாதுப்பா. அவங்களைச் சொல்லிக் குத்தம் இல்ல” என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர், பெரிய மனசு பண்ணி.

கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றவனிடம் என்ன பேசுவது? அவள் தன் வீட்டுக்காரரை மட்டும் பார்த்தாள். ஒரு வார்த்தை, ‘விடுங்கப்பா’ என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும் என்றிருந்தது. கேப்டன் தலையைக் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். அந்த முடிச்சு அவிழவே இல்லை. அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் தலையணை உறைக்குள் ஐஸைப் போட்டு முட்டியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

“ஆஃப்சைட் இல்லன்னு எனக்கும் தெரியும். அந்த நேரத்துல முட்டி பூட்டிக்கிச்சும்மா. ஒரு அடி எடுத்து வைக்க முடியல. சும்மா நின்னா அசிங்கமா இருக்குமேன்னு கையைத் தூக்கினேன்.”

அக்காவுக்கு ஒரு நொடி பாவமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது. ஐஸ் உறையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இதை அங்க சொல்லியிருக்கலாமே?”

“எப்படிம்மா சொல்றது? கேப்டனாச்சே.”

பாவம் என்று நினைத்த நொடி அதோடு முடிந்தது. அவள் எழுந்து முன்னறைக்குப் போய், அழுக்குச் சட்டைகளைப் பிரித்துப் போட ஆரம்பித்தாள்.

உள்ளே கேப்டன் தொண்டையைச் செருமினார். யாரிடமோ மெல்லிய, கனமான குரலில் பேசினார். கொஞ்ச நேரத்தில் அக்கா போனில் குரூப்பைத் தட்டினாள், அதே குரல் வந்தது.

“நண்பர்களே, இன்னிக்கு நாம தோத்தது ஆட்டத்துல இல்ல. என் வீட்டம்மா தெரியாம ஒரு தப்புப் பண்ணிட்டாங்க. அவங்களை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தத் தப்புக்கு நான் பொறுப்பேத்துக்கறேன். இன்னியோட கையுறையைக் கழட்டிடறேன். இனி மைதானத்துல கால் வைக்க மாட்டேன்.”

குரூப் பொங்கி வழிந்தது. கும்பிடு, கண்ணீர், உடைந்த இதயம். ‘உங்களைப் போல ஒரு தலைவர் கிடைக்க மாட்டார்’ என்று பெயின்டர் எழுதினான். ‘தியாகம்’ என்று டிரைவிங் ஸ்கூல்காரர் எழுதினார்.

அக்காவுக்கு ஆத்திரம் வந்தது. ‘இவருக்கு முட்டி பூட்டிக்கிச்சு, நகர முடியல, கேட்டுப் பாருங்க’ என்று வேகவேகமாக எழுதினாள். அனுப்பப் போன விரல் அங்கேயே நின்றது. இது போனால் அந்தக் கூட்டம் சிரிக்கும். சிரித்தால் இவருக்கு ரோஷம் வரும். ரோஷம் வந்தால் அடுத்த வருஷமும் கம்பத்துக்கு நடுவில் போய் நிற்பார். இதை அனுப்பாவிட்டால், நாலு பேர் தியாகம் என்று கும்பிட்ட வார்த்தையை இந்த மனுஷன் மீற மாட்டார், வீட்டில் சொன்ன வார்த்தைகளைத்தான் காற்றில் விடுவார். முட்டி பிழைக்கும். பச்சைக்காரர்கள் துணி போட வரும்போதெல்லாம், மேட்சைத் தோற்கடித்த அக்கா என்று காதுபடச் சொல்வார்கள். சொல்லட்டும் என்று நினைத்தாலும், அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவு மட்டமான ஆட்களிடம் போய்க் கெட்ட பெயர் வாங்க வேண்டியிருக்கிறதே என்ற அழுகை.

எழுதியதை அழித்தாள். ‘எல்லாரும் மன்னிக்கணும். அவசரத்துல சரியா பார்க்கல’ என்று எழுதி, ஒரு கும்பிடும் போட்டு அனுப்பினாள்.

உள்ளே போன் டிங் என்றது. கேப்டன் அதைப் படித்துவிட்டு, ரொம்ப நாளாக இல்லாத கனிவோடு குரல் கொடுத்தார்.

“விடும்மா, மனசுல வச்சுக்காதே. நான் அவங்ககிட்ட எடுத்துச் சொல்லிக்கறேன்.”