ஆவாரம்பட்டைத் தண்ணீரும் போர்ச்சுகல் ஒயினும்

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தோலைப் பதப்படுத்தும் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மதுவிலக்குக் கடுமையாக இருந்த காலம். லண்டனிலிருந்து ஒரு தோல் வியாபாரி சரக்குப் பார்க்க வந்தார். பெர்மிட்டோடு இரண்டு பாட்டில் ஒயினும் கொண்டுவந்திருந்தார். போர்ச்சுகல் நாட்டுச் சிவப்பு ஒயினாம். சாப்பாட்டோடு அரைக் கிளாஸ் குடிப்பது அவர் வழக்கம். இங்கிலீஷ் தெரிந்தவன் என்பதால் அவருடைய சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

என் முதலாளி தொழுகை தவறாத முஸ்லிம். வயதில் என்னைவிட இரண்டு வருஷம் இளையவர். தகப்பனார் இறந்து, தொழிலைக் கையில் எடுத்த முதல் வருஷம் அது. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டியிருக்கும். அந்தப் பாதியில் நானும் இருப்பேனோ என்ற கவலை எனக்கு.

வெள்ளைக்காரர்கள் மீன் விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். முதல் நாள் மத்தியானம் புளி ஊற்றிய விரால் மீன் குழம்பு ஏற்பாடு செய்து, அவர் தங்கியிருந்த பயணியர் விடுதிக்குக் கொண்டுபோனேன். அவர் சாப்பிடுவதை எண்ணிக்கொண்டே நின்றேன். மூன்று கவளம் சாப்பிட்டார். ஒயினை ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கிவிட்டது. இரும்பைச் சுரண்டி வாயில் போட்டதுபோல இருக்கிறது, வெயிலில் ஒயின் கெட்டுவிட்டது என்றார். சாயந்தரம் மண்டியில் எந்தத் தோலைக் காட்டினாலும் குறை சொன்னார். மறுநாள் மதியம் வேறு ஊருக்குப் போகப்போவதாகவும் சொல்லிவிட்டார்.

முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னைக் ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன கணக்கு, அந்த ஒயின் என்ன ருசியா இருக்குமாம்? கேட்டீங்களா?”

“நாக்கு வறண்டு இழுத்துப் பிடிக்கும்னு சொன்னாரு. மோந்து பாத்தேன் முதலாளி, நாவப்பழ வாசம் மாதிரி இருந்துச்சு.”

“மோந்து மட்டுந்தான் பாத்தீங்களா?”

“சத்தியமா.”

சிரித்தார். “நாக்கை இழுத்துப் பிடிக்குதுன்னா அது துவர்ப்பு. நம்ம தொட்டியில இருக்கிற ஆவாரம்பட்டைத் தண்ணியும் அப்படித்தானே? ஒரு சொட்டு நாக்குல பட்டா அம்புட்டு இழுப்பு இழுக்கும். தோலைப் போட்டு ஊறவச்சா, துவர்ப்பு பூராம் தோலுக்குள்ள போயிரும், தண்ணி சப்புன்னு ஆயிரும். இவரு ஒயினுக்கும் பிடிச்சுக்க ஏதாச்சும் வேணும். மீனு பத்தாது. எங்க வீட்டுல கொழுப்புள்ள ஆட்டுக்கறி ஆக்கிக் குடுத்துப் பாப்போம். புளி வேணாம், மிளகாயும் வேணாம், மிளகு போதும்.”

எனக்குப் பாதி நம்பிக்கைதான். “உங்க வீட்டுச் சாப்பாடு ஒயினோட போறதுல உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

“நான் அதைத் தொட மாட்டேன், வீட்டுக்குள்ளயும் விட மாட்டேன். அது என்னோட இருக்கட்டும். நம்ம ஊருக்கு வந்த மனுசன் வாய் கசந்து போனா, அது நமக்கு அழகா?”

அன்று ராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து போனது. நெய்ச்சோறு, மிளகு போட்டு வேகவைத்த ஆட்டு நெஞ்சுக்கறி. பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். விருந்தாளி கறியை மென்று, சந்தேகத்தோடு ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். மறுபடி கறி, மறுபடி ஒயின். கெட்டுப்போகவில்லை, இதுதான் இதன் உண்மையான ருசி என்றார். யார் சொல்லி இதைச் செய்தீர்கள் என்று கேட்டார். ஒயினை வாயில் வைத்தே அறியாத என் முதலாளிதான் என்றேன். முதலில் அவர் நம்பவில்லை. பட்டைத் தண்ணீர் விஷயத்தை விளக்கியதும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

மறுநாள் காலை மண்டிக்கு வந்தவர் நேராகப் பட்டைத் தொட்டியைத்தான் காட்டச் சொன்னார். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்து முதலாளியிடம் தலையாட்டினார். அதன் பிறகுதான் முதல் நாள் தள்ளிய தோல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பொறுமையாகப் பார்த்தார். ஆர்டர் கிடைத்தது. “ஆர்டரைக் கறி வாங்கித் தரலை கணக்கு, தோல் நல்லா இருந்துச்சு, அம்புட்டுத்தான்” என்றார் முதலாளி. அதுவும் சரிதான்.

அந்த ஒயினை நான் இன்றுவரை ருசித்ததில்லை. ஆனாலும், தனக்கு ஆகாத ஒன்று அடுத்தவர் நாக்கில் எப்படி இருக்கும் என்று ஒரு மனிதர் அக்கறையோடு கேட்டாரே, அந்தக் கேள்வியைத்தான் யாரைப் பார்த்தும் முகம் சுளிக்கத் தோன்றும்போதெல்லாம் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.