சனிக்கு நேரே

சனீஸ்வரனுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. எனக்கு நடை பழக்கிய அக்காதான் இதையும் பழக்கினாள். நவக்கிரகத்தைச் சுற்றி வரும்போது அவர் முன்னால் வந்தால் ஒதுங்கி, ஓரமாக நின்று கும்பிட வேண்டும். அவர் பார்வை நம்மேல் விழக் கூடாது. திருவொற்றியூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஐம்பது வயது தாண்டி, தொழிற்சாலையில் இரும்புச் சாமான்களின் அளவு சரிபார்க்கும் வேலையில் இருக்கிற நானும், என்றைக்காவது கோயிலுக்குப் போனால் ஓரமாகத்தான் நிற்கிறேன். சாமி இல்லை என்று வாய் கிழியப் பேசுகிறவன்.

அக்கா எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண் ரொம்ப மோசம். இனியும் தள்ளிப்போட்டால் முற்றிவிடும், அப்புறம் ஆபரேஷன் சிக்கலாகும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அசையவில்லை. அவள் மகர ராசி, ஏழரைச் சனி நடக்கிறது. சனி போகாமல் உடம்பில் கத்தி படக் கூடாதாம்.

சரி, எப்போதுதான் போகிறார்? டிவி ஜோசியர் சொல்லும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி போன பங்குனியிலேயே போய்விட்டார். கோயிலில் படிக்கிற வாக்கியப் பஞ்சாங்கப்படி வருகிற மாசி வரைக்கும் போகமாட்டார். அக்கா கோயில் கட்சி. எனக்குத் தலை சுற்றியது. வானத்தில் இருப்பது ஒரே சனி. அவர் எப்படிப் போயும் இருப்பார், போகாமலும் இருப்பார்? எதையும் நம்பாத நான், இரண்டில் எது சரி என்று சாப்பாட்டு வேளையில் போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள் தோசைக்கல்லின் விளிம்பு தெரியாமல் அக்கா உள்ளங்கையை அதன்மேல் ஊன்றிவிட்டாள். நான் கத்திய கத்தலில் சாப்பிட வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கோபம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு வந்தது பயம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் டெலஸ்கோப் வைத்துச் சனிக் கிரகத்தைக் காட்டப்போவதாகப் போர்டு எழுதி வைத்தார்கள். அக்காவை எப்படியாவது கூட்டிக்கொண்டு போய், இது வெறும் கோளம், இதற்குப் பார்வையும் கிடையாது, கோபமும் கிடையாது என்று காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் வரமாட்டேன் என்றாள்.

"நானூறு வருசத்துக்கு முன்னாடி இத்தாலில ஒரு ஆளு கொழாய வானத்துக்குத் திருப்பிப் பாத்தான் யக்கா. பெரிய பெரிய படிப்பாளிங்க, நாங்க அதுல கண்ணு வெக்கவே மாட்டோம்னுட்டாங்க. கடசில அவன முட்டி போட வெச்சி, பூமி சுத்தலன்னு சொல்ல வெச்சாங்க சர்ச்சு சாமியாருங்க. நீயும் அவுங்க மாதிரிதானா?"

"நா இன்னாத்துக்குடா பாக்கமாட்டேன்? வா, போலாம்," என்றாள். அக்கா ரோஷக்காரி.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. ரிஃபைனரி எரிகிற மணலிப் பக்கத்து வானம் மட்டும் எப்போதும் போல மங்கலாகச் சிவந்திருந்தது. எங்கள் முறை வந்ததும் அக்கா டெலஸ்கோப்புக்குப் பக்கவாட்டில் போய் நின்றுகொண்டாள்.

"ஓரமா நின்னுகினு பாக்க முடியாதா, டீச்சர்?"

"நேராத்தான்மா குனியணும்," என்றார் அந்தப் பள்ளியின் சயின்ஸ் டீச்சர்.

அக்கா தயங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இடது கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"வளையம் தெரியுதா?" என்றேன்.

"வளையமா? மஞ்சளா ஒரு உருண்ட கீது. அவ்ளோதான்."

"பாத்தியா, உன் கண்ணு அந்த லட்சணத்துல கீது. நல்ல கண்ணுக்கு சுத்தி வளையம் தெரியும்." டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. வெற்றிக் களிப்போடு குனிந்து பார்த்தேன். மஞ்சளாக ஓர் உருண்டை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். வளையம் இல்லை.

தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. இல்லாத அளவை இருக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"எனக்கும் தெரியலக்கா."

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் கீது," என்றாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

டீச்சர் பொறுமையாகச் சொன்னார். வளையம் அங்கேதான் இருக்கிறது, ரொம்ப மெல்லிசு, இந்த வருடம் விளிம்பை நம் பக்கம் காட்டுவதால் கண்ணுக்குப் படவில்லை. முதலில் பார்த்த அந்த இத்தாலிக்காரருக்கும் இதே கதிதானாம். சனிக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி ஏதோ இருப்பதாகக் கண்டவர், பிற்பாடு பார்த்தபோது காதைக் காணாமல் விழித்தாராம். சாமியார்கள் முன்னால் அவர் முட்டி போட்டதுதான் எனக்குத் தெரியும். தன் குழாய்க்கு முன்னாலேயே அவர் திகைத்து நின்றது தெரியாது. எனக்கு ஆறுதலாகவும் இல்லை, தெளிவாகவும் இல்லை.

"இருக்கறத இல்லன்னு காட்டுது ஒன் கொழாயி," என்றாள் அக்கா. "இத்த நம்பியா என் கண்ண அறுக்க சொல்ற?"

சனிக்கிழமை அவள் வழக்கம்போலக் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டாள். நான் அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன்.

சில வாரம் போயிருக்கும். எனக்கு சாம்பார் ஊற்றிக்கொண்டே, "நேரா பாத்துட்டேன்டா," என்றாள்.

"யார?"

"அவரத்தான். இத்தினி வருசம் ஓரமா நின்னுகினு இருந்தேன். அன்னிக்கு மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டு, இன்னா ஆவப்போவுதோன்னு தெனம் பயந்துகினே கெடந்தேன். ஒண்ணும் ஆவல. கை கூட ஆறிப்போச்சு. அவரே ஒண்ணும் பண்ணல, டாக்டரு இன்னா பண்ணிடப்போறாரு?"

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். விரல் விட்டு மாதத்தை எண்ணினேன். மாசி இன்னும் பிறக்கவில்லையே, கோயில் பஞ்சாங்கம்தான் சரி என்றால்? ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை வரச் சொன்னார்கள். வேறு நாள் கொடுங்கள் என்று கேட்டது நான். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். வலது கண்ணில் நீர் வழிந்தது. சிமிட்டினாள். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, படுக்கைக்குப் பக்கவாட்டில் திரைச்சீலையை ஒட்டி நின்றிருந்த என்னைத் தேடிப் பிடித்தாள்.

"இன்னாடா ஓரமா நிக்கிற? நேரா வா."