பின்னாலிருந்து வராத சத்தம்

பான் யுங்-லாய் சியாயி நகரத்தில் குப்பை வண்டி ஓட்டியவர். வண்டியின் உச்சியில் ஒரு குழாய், குழாயில் ஒரே பாட்டு. அதைக் கேட்டதும் தெருவே குப்பைப் பையும் கையுமாக ஓடிவரும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை அதையே கேட்டதில், தூக்கத்தில்கூட அவர் கால் பிரேக்கைத் தேடும் என்று மனைவி மெய்-யுன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அதனால் மனிதர் ஓய்வு பெற்ற கையோடு ஹோம் தியேட்டர் வாங்கியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. சத்தம் முன்னாலிருந்து மட்டுமல்ல, முதுகுக்குப் பின்னாலிருந்தும் வர வேண்டும். அது ஒன்றுதான் அவர் ஆசை.

ஒயர் மாட்ட ஆள் அனுப்புகிறேன் என்றார் கடைக்காரர்.

"முட்டுச் சந்துக்குள்ள லாரிய ரிவர்ஸ் எடுத்தவன் நான். நாலு ஒயரு சொருகத் தெரியாதா எனக்கு?" என்று யுங்-லாய் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

முன் ஸ்பீக்கர்கள் சுலபமாக முடிந்தன. பின் ஸ்பீக்கர்களுக்கு ஒயர் சோபாவைத் தாண்டிப் போக வேண்டும்.

"கீழ ஒயரு கெடந்தா நான் தடுக்கி விழுவேன்" என்றாள் மெய்-யுன். "விழுந்தா உங்க மேலதான் விழுவேன். யோசிச்சுக்குங்க."

யோசித்தார். அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். முன்பு இரண்டையும் சேர்த்து யாரோ நடன வகுப்பு நடத்தியிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன ஒயர்கள் டிவி பக்கம் சிவப்பும் கறுப்புமாகச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. சோபாவுக்குப் பின்னாலும் அதேபோல நீட்டிக்கொண்டிருந்தன. இங்கே நுழைவது அங்கே வெளியே வருகிறது என்று முடிவுகட்டி, ஆம்ப்ளிஃபயரை டிவி பக்கத்து முனையிலும் பின் ஸ்பீக்கர்களை சோபா பக்கத்து முனையிலும் மாட்டினார். டிவி பக்கத்து ஒயர் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனது அவருக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டில் பாவ்-சூ பெண்களுக்கான முடிதிருத்தகம் நடத்திவந்தாள். கூரையோரம் நடன வகுப்புக்காரர்களின் இரண்டு பழைய ஸ்பீக்கர்கள் இருந்தன. அவற்றின் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருந்தாளே தவிர, அவை பாடும் என்று அவள் நினைத்ததே இல்லை.

யுங்-லாய் முதலில் போட்டது ஒரு பாழடைந்த மாளிகைப் பேய்ப் படம். பேச்செல்லாம் முன்னால் கணீரென்று கேட்டது. பின்னால் மூச்சில்லை. ஒயரைக் கழற்றினார், மாட்டினார், ஊதினார், ஸ்பீக்கரைத் தட்டினார். தினமும் மாலையில் அதே படம், அதே இடம்.

சுவருக்கு அந்தப் பக்கம், தலையில் சுருள் மாட்டி உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தினமும் மாலையில் முதுகுக்குப் பின்னால் யாரோ நடந்தார்கள். கதவு கிரீச்சிட்டது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். அதுவும் ஏழாம் மாதம், ஆவிகள் ஊருக்குள் உலவும் மாதம். பாவ்-சூ வாசலில் மேசை போட்டு ஊதுபத்தி கொளுத்தி, பழமும் பிஸ்கட்டும் வைத்தாள். பெருமூச்சு நிற்காததால் மறுநாள் ஒரு முழு வாத்து வறுத்து வைத்தாள்.

அன்று மாலை மெய்-யுன் தலை அலச அங்கே போயிருந்தாள்.

"அக்கா, ஒங்க வீட்லயும் நடமாட்டம் உண்டா?" என்று நுரையைத் தேய்த்துக்கொண்டே பாவ்-சூ மெல்லக் கேட்டாள்.

"எங்க வீட்ல ஒரு மனுசன்தான் நடமாடுறாரு. அவரயே என்னால சமாளிக்க முடியல."

அந்த நேரம் பார்த்து யுங்-லாய் பாட்டுப் பாடும் மைக்கைச் செருகிச் சோதித்தார். பாவ்-சூவின் கூரையோரத்திலிருந்து ஆழ்ந்த, எதிரொலிக்கும் குரல் எழுந்தது.

"வருதா...? நான் வந்துட்டனா...? பின்னாடி... பின்னாடி பாரு..."

சுருள் மாட்டியிருந்த இரண்டு பேர் வாசலுக்கே போய்விட்டார்கள். பாவ்-சூ கூரையைப் பார்த்துக் கைகூப்பினாள். "ஐயா, வாத்து பத்தலையா? என்ன வேணும்னு சொல்லிடுங்க."

குரல் தொண்டையைச் செருமியது. "மெய்-யுன்... எங்க போய்த் தொலைஞ்ச...? என் மூக்குக்கண்ணாடி எங்க...?"

பாவ்-சூ கூப்பிய கையோடு மெய்-யுன் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஒங்க பேரு அதுக்குத் தெரியுது."

"தெரியாம என்ன? கல்யாணம் கட்டுன பேயாச்சே" என்று மெய்-யுன் நுரைத் தலையோடு எழுந்தாள். தெருவில் நுரை சொட்டச் சொட்ட நடந்து, மைக்கோடு மண்டியிட்டிருந்த கணவரின் பின்னால் போய் நின்றாள்.

"கண்ணாடி ஒங்க நெத்தியில இருக்கு. ஒங்க சத்தம் பாவ்-சூ வீட்ல இருக்கு."

யுங்-லாய் முதலில் கேட்டது, "நல்லா கேட்டுச்சா? தெளிவா இருந்துச்சா?" என்பதைத்தான்.

அன்றே ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் இழுத்து ஸ்பீக்கர்களோடு சேர்த்தார். படத்தை ஓட்டியதும் முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. தினமும் அதற்காகவே காத்திருந்தவர், தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியதில் தேநீர் முழுவதும் மடியில் கொட்டியது. அந்த ஆனந்தத்தில் சூடுகூட அவருக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பாவ்-சூ வந்தாள். யுங்-லாய் வாத்துக் கணக்குத்தான் என்று பயந்தார்.

"அண்ணே, அந்த ஒயர மறுபடி மாட்டித் தர முடியுமா? பேய் இருக்குற கடைன்னு கேள்விப்பட்டுக் கூட்டம் வருது. சும்மா உக்காந்துட்டு, ஒண்ணும் கேக்கலயேன்னு மூஞ்சிய சுளிச்சுட்டுப் போறாங்க."

"பெருமூச்சு போதுமா, இல்ல நானே பேசணுமா?" என்றார் யுங்-லாய்.

"நீங்க பேசுங்க. ஆனா மூக்குக்கண்ணாடியப் பத்திப் பேசாதீங்க."

அந்த மாதம் முடியும்வரை, சாயங்காலமானால் பான் யுங்-லாய் மைக்கை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.