கீழிருந்து மேலாகப் படித்தவர்

அவர் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பிழைதிருத்துநராக இருந்தார். பாடநூல், அழைப்பிதழ், மருந்து விளம்பரம் என எது வந்தாலும் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கி வரிவரியாகவே பார்ப்பார். பொருளில் மனம் போனால் எழுத்தில் கண் நிற்காது என்பது அவர் கணக்கு. வீட்டில் அவருக்குச் ‘சிவப்பு மை’ என்று பெயர். இத்தனை பக்கம் கண்வழியே போயும் ஒன்றுகூடத் தலைக்குள் தங்கவில்லை என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

அவரது ஐம்பத்திரண்டாம் வயதில், மனைவியின் கழுத்தில் கோலிக்குண்டு அளவு கட்டி ஒன்று தென்பட்டது. சிறு துண்டு வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். சிவப்பு மை மறுத்துவிட்டார். கத்தி பட்டால் கட்டி உடம்பெங்கும் பரவும் என்று, ஊரறிந்த உண்மையைப் போலச் சொன்னார். அவர் சரியென்று சொல்லாத காரியத்தில் மனைவி இறங்கியதில்லை. மூன்று வாரம் ஓடியது. கண்ணாடிமுன் நிற்கும்போதெல்லாம் மனைவியின் கை தானாகக் கழுத்துக்குப் போகும். அவர் பார்வையும் கூடவே போகும். இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை, பேருந்து ஓட்டும் மைத்துனர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

“மாமா, பரவும்னு யாரு சொன்னா?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.”

“எல்லாருன்னா எனக்கும் தெரிஞ்சிருக்கணுமே. தினம் ஐந்நூறு பேரு என் வண்டியில ஏறி வாய் ஓயாம பேசுறாங்க, ஒருத்தரும் இதைச் சொல்லலை. ஆளைச் சொல்லுங்க, போய்ப் பார்த்துட்டு வரேன்.”

ஆள் நினைவுக்கு வரவில்லை. மருத்துவர் சொன்னதில்லை, உறவில் எவரும் சொன்னதில்லை. வாக்கியம் மட்டும் அச்சடித்தாற்போல நின்றது. அச்சடித்தாற்போல என்று தோன்றியதுமே, தான் திருத்திய தாள்கள் அவர் கண்முன் வந்தன.

மறுநாள் அச்சகத்துப் பரணில் பழைய தாள்கட்டுகளை அவிழ்த்தார். நான்காவது கட்டில் அகப்பட்டது: யாரோ ஒருவர் விற்ற களிம்புக்கான துண்டறிக்கை, பதினோரு ஆண்டுப் பழையது. அதே வாக்கியம். அதில் விடுபட்ட ஓர் எழுத்தைச் சிவப்பில் சேர்த்து, ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்திருந்தவர் அவரே. கட்டில் இன்னும் நூறு தாள்கள் இருந்தன, எல்லாவற்றிலும் அவர் ஒப்பம். தன் எண்ணம் எது, கூலிக்குப் பார்த்த வரி எது என்று இனி எப்படிப் பிரிப்பது? அவற்றைப் புரட்டத் துணிவில்லாமல் கட்டிவைத்துவிட்டு, அந்த ஒரு தாளோடு வீடு திரும்பினார்.

மனைவி அந்தத் தாளை நிதானமாகப் படித்து மடித்தார்.

“இதுக்காகவா மூணு வாரம் என்னை உட்கார வச்சீங்க?”

“நான் இதைப் படிக்கலைன்னுதான் நெனச்சிருந்தேன்.”

“கிளம்புங்க. மிச்ச பயத்தை வழியில படலாம்.”

மருத்துவமனையில் கொடுத்த ஒப்புதல் படிவத்தை அவர் மேலிருந்து கீழாக இருமுறை படித்துக் கையெழுத்திட்டார். அதில் பிழை ஏதும் இருந்ததா என்று மைத்துனர் பின்னர் சீண்டியபோது, கவனிக்கவில்லை என்றார்.

கட்டி கெட்டதுதான். தொடக்க நிலை என்பதால் முழுவதும் அகற்ற முடிந்தது. வீணானது மூன்று வாரம். அதன்பின் மனைவி வாழ்ந்தது பதினேழு ஆண்டுகள்.