கரடிக்கு வந்த வெறி

எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டும் மார்லிஸ் குண்டர்சனுக்கு யாரும் வழி சொல்ல முடியாது. பனி கொட்டும் விஸ்கான்சின் சாலையிலும் சரி, ஞாயிறு மதியம் என் கடை மேசையில் பகடை உருட்டி நாங்கள் ஆடும் கதை விளையாட்டிலும் சரி, அவள் வைத்ததுதான் சட்டம். ஆட்டத்தை நடத்துவது என்னவோ நான்தான். பேருக்கு!

ஆட்டத்தில் அவளுடைய ஆள் தோரா, காட்டு மந்திரக்காரி. நினைத்தால் கரடியாகிவிடுவாள். மார்லிஸின் மகளுக்குப் பால்பல் விழுந்த காலத்தில் பிறந்தவள் தோரா. அந்த மகளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது.

கரடியான பிறகு முன்பே போட்ட மந்திரம் நிற்குமா என்று ஒருமுறை சண்டை வந்தது. நிற்காது என்றேன்.

"உருவந்தான மாறுது, புத்தியா மாறுது? மந்திரத்துல மனசு இருக்குற வரைக்கும் மந்திரமும் இருக்கும். ஆட்ட விதிப் புத்தகத்தப் பாருய்யா" என்றாள். பார்த்தேன். மூக்குடைந்ததுதான் மிச்சம்.

போன மாதம் டுவேன் மாட்டிக்கொண்டான். பால் லாரி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். ஆட்டத்தில் அவனுடைய ஆளான மந்திரவாதி, போர்வீரர்களின் வெறி வித்தையையும் கற்றிருந்தான். பறக்கும் மந்திரம் போட்டுப் பள்ளத்தாக்குக்கு மேலே நின்றுகொண்டு, வெறியை ஏவி வாளை வீசினான். மார்லிஸ் கையைத் தூக்கினாள்.

"வெறி வந்தவனுக்கு மனசு ஏது? மந்திரம் போச்சு."

ஆள் விழுந்து செத்தான். செத்த ஆளின் விவரம் எழுதிய தாளை, எங்கள் வழக்கப்படி, கடைச் சுவரில் குத்தினோம்.

"உன் கரடின்னா இப்படிப் பேசுவியா மகராசி?" என்றான் டுவேன்.

"பேசுவேன்."

எனக்கு நம்பிக்கை இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

வந்தது. போன ஞாயிறு, ஒரு டிராகன். தோரா தன்மேல் தீக்காப்பு மந்திரம் போட்டுக்கொண்டு கரடியானாள். டுவேனின் புது ஆள் டிராகனின் காலடியில் நசுங்கிக் கிடந்தான். மார்லிஸ் யோசிக்கவில்லை. தோராவும் புதிதாக வெறி வித்தை கற்றிருந்தாள். அதை ஏவிப் பாய்ந்து அவனை மீட்டாள். டிராகன் திரும்பி நெருப்பைக் கக்கியது. பகடை உருட்டினேன். முழு அடி என்றால் தோரா செத்தாள், பாதி என்றால் பிழைத்தாள்.

"காப்பு இருக்கு. பாதிதான்!" என்றேன். மேசையே கத்தியது. டுவேன்கூடக் கைதட்டினான்.

மார்லிஸ் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாதி இல்ல. முழுசு."

"கரடியானாலும் மந்திரம் நிக்கும்னு நீதான சண்டை போட்ட?" என்றேன்.

"கரடிக்கு நிக்கும். வெறி வந்த கரடிக்கு நிக்காது. நான் பாஞ்சப்பவே காப்பு போச்சு."

"தாயே, சும்மா இரேன்! இங்க யாரு கேட்டா?"

"டுவேன் ஆளு பறந்தப்ப மட்டும் யாரு கேட்டா? நாந்தான சொன்னேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "வயிறு எரியுதுடா. எழுது, செத்துட்டா."

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதினேன்.

டுவேன் எழுந்து, தோராவின் தாளைத் தன் மந்திரவாதிக்குப் பக்கத்தில் குத்தினான்.

"நேராக் குத்துடா" என்றாள் மார்லிஸ். "எனக்குப் புதுத் தாள் ஒண்ணு குடுங்க."

அவள் எழுதி முடிப்பதற்குள் எனக்கும் டுவேனுக்கும் அடுத்த சண்டை வந்துவிட்டது: அவனுடைய கேடய மந்திரம் இன்னும் நிற்கிறதா, இல்லையா? நான் புத்தகத்தை எடுத்தேன். டுவேன் அதைப் பிடுங்கி மூடி, பொரித்த பாலாடைக்கட்டித் தட்டை அதன்மேல் வைத்தான்.

"இது எதுக்கு? மார்லிஸக் கேளு."