கஷேகோ வாசிக்கிறான்

தெர்மோஸ் குடுவையின் வயிற்றில் ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார் டார்வின் எச்செவெர்ரி. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. சீராகப் போய்க்கொண்டிருக்கும் தட்டு ஓரிடத்தில் இடறும். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு, யாரும் கேட்காவிட்டாலும், "இந்த வரிக்கு ஒரு கால் நொண்டுது" என்பார். மாத்தே என்கிற இலைக் கஷாயத்தை ஒரு இழுப்பு உறிஞ்சிவிட்டு மறுபடி முதலிலிருந்து தட்டுவார். பஸ்ஸில் தட்டுவார். பல் டாக்டர் வீட்டு பெஞ்சில் தட்டுவார். ஒருமுறை பக்கத்துத் தெரு சாவு வீட்டில் சவப்பெட்டியின் ஓரத்திலேயே தட்டிவிட்டு, செத்தவரின் தங்கையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மொந்தேவிதேயோவின் பாசோ மோலினோ பேட்டையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. 'நனைந்த தீக்குச்சி' என்கிற முர்கா கோஷ்டிக்குப் பாட்டு எழுதுகிறவர். பிப்ரவரியில் கார்னிவல் வந்தால் முகத்தில் வர்ணத்தை அப்பிக்கொண்டு மேடை மேடையாக ஏறி, மேயரிலிருந்து மாமியார் வரை ஒருவர் பாக்கியில்லாமல் கிண்டல் செய்து பாடுகிற கோஷ்டி அது. கடைசியில் ஜனத்திடம் விடைபெறுகிற விடைப்பாட்டு ஒன்று உண்டு. அதுவரை வயிறு குலுங்கச் சிரித்த ஜனம் அதைக் கேட்டு மூக்கைச் சிந்தும். சிரிப்பும் டார்வின் எழுதியது, மூக்குச் சிந்தலும் டார்வின் எழுதியது. பகலில் பார்மஸி கவுண்டரில் நிற்பார். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிக்க முடியாத மற்ற கடைக்காரர்கள் சீட்டை அவரிடம் அனுப்பிவைப்பார்கள். ஆள் மூங்கில் கழி. அவர் மனைவி ஸுல்மா கல்யாணமான நாளிலிருந்து அவரைக் 'குண்டா' என்றுதான் கூப்பிடுகிறாள். எங்கள் ஊரில் பிரியமாகக் கூப்பிட உடம்பின் சுற்றளவு ஒரு பொருட்டில்லை.

கண் ஓரங்களிலிருந்து போகத் தொடங்கியது. முதலில் பக்கவாட்டில் வருகிற சைக்கிள் தெரியவில்லை. அப்புறம் அந்தி நேரத்தில் படிக்கட்டு தெரியவில்லை. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும் என்றார் டாக்டர். அந்தக் குழாய் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே போகும், மருந்து கிடையாது என்றும் சொன்னார். டார்வின் வீட்டுக்கு வந்து முதல் பாதியை மட்டும் ஸுல்மாவிடம் சொன்னார், மிச்சத்தைத் திரித்துவிட்டார். "அப்படியே நிக்குமாம். பயப்பட ஒண்ணுமில்ல." பார்மஸி வேலையை விட்டபோது முதுகுவலி என்றார்.

ஸுல்மா பேக்கரியில் வேலை செய்கிறாள். மாலையில் மிஞ்சிப்போன பிஸ்கோச்சோ பன் பொட்டலத்தோடும் முன்மயிரில் மாவோடும் வருவாள். கையைக் கழுவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு அவர் லேப்டாப்பில் தட்டிவைத்ததைப் படித்துக் காட்டுவாள். "கண்ணு அசதியா இருக்கு, நீ படியேன்" என்று அவர் ஒருநாள் சொன்னது அப்படியே வழக்கமாகிவிட்டது. ஆனால் ஸுல்மாவுக்குக் கிண்டல் பாட்டுப் படிக்க வராது. சிரிப்பு வருவதற்கு ஒரு வரி முன்னாலேயே சிரித்துவிடுவாள். மிச்சம் அந்தச் சிரிப்பில் முழுகிப்போகும்.

"அடியே, ஜனம் சிரிக்கறதுக்கு முன்னாடி நீ சிரிச்சா எப்படி?"

"மேயரோட விக்கு காத்துல பறக்கப்போவுதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோவுதே, குண்டா. நான் என்ன பண்ண?"

இந்த ஏற்பாடு இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓடியிருக்கும், அந்த வருஷத்து ஒத்திகையில் நடந்தது நடக்காமல் இருந்திருந்தால்.

கோஷ்டியின் டைரக்டர் ருபேன். நல்ல மனுஷன், குரல் மட்டும் கப்பல் சங்கு. டார்வின் கொடுத்த பாட்டில் நாலைந்து வரியை மாற்றி, அச்செடுத்து, எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்திருந்தான். டார்வின் கையிலும் ஒன்று. அவர் வழக்கம்போல எழுந்து, தாளை முகத்துக்கு நேரே பிடித்து, ஏற்ற இறக்கத்தோடு படித்தார். படித்தது முழுக்கப் பழைய வரிகள். மனப்பாடம்.

பாதியில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"டார்வின், உன் கையில இருக்கற தாள்ல அப்படியா போட்டிருக்கு?"

அவர் தாளின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "பழசுதான்டா நல்லாருக்கு."

"பழசு நல்லாருக்கட்டும். தாள்ல என்ன போட்டிருக்கு, சொல்லு."

பெரிய முரசு அடிக்கிறவன் எழுந்து சிகரெட் பிடிக்க வெளியே போனான். அவனுக்கு அந்த இடத்தில் இருக்கப் பிடிக்கவில்லை. ருபேன் டார்வினின் தோளைப் பிடித்து வாசல் வரை கூட்டிவந்தான். முன்பெல்லாம் தோளில் அறைவான். இன்றைக்குப் பிடித்திருந்தான்.

"இந்த வருஷம் கிண்டல் பாட்டெல்லாம் பசங்க எழுதட்டும். விடைப்பாட்டு உன்னோடது, அதை நான் யாருக்கும் தர மாட்டேன். ஆனா ஒத்திகையில வரி மாறிக்கிட்டே இருக்கும். அங்கயே படிச்சு அங்கயே சரி சொல்லணும். ஒவ்வொரு தடவையும் ஸுல்மாவையா கூட்டிட்டு வருவே?"

"ஸுல்மாகிட்ட எதுவும் சொல்லிடாதே" என்றார் டார்வின்.

நிபியா அவருக்கு டெலிபோனில் கிடைத்தவள். மருத்துவமனையில் போன் எடுக்கிறவள், பிறவியிலேயே பார்வையில்லாதவள். கண் டாக்டரைப் பார்க்க நாள் கேட்டுக் கூப்பிட்ட டார்வினிடம், "எழுதிக்கறியா?" என்று கேட்டிருக்கிறாள். "மனசுல வச்சுக்கறேன்" என்று இவர் சொன்னார். "எப்பலேர்ந்து தெரியல?" என்று கேட்டாள். அவரிடம் அதை அப்படி நேராகக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

சனிக்கிழமைகளில் எங்கள் பேட்டை நூலகத்தின் பின்னறையில் லினக்ஸ் ஆட்கள் கூடுவார்கள். பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு லினக்ஸ் சிஸ்டத்தைச் சும்மாவே ஏற்றிக்கொடுப்பார்கள். நிபியாவும் அதில் ஒருத்தி. டார்வினின் லேப்டாப்பில் அதுவரை இருந்த சிஸ்டத்தில், திரையில் இருப்பதைப் படித்துப் பேசும் புரோகிராமைப் போட்டால், ஒரு வாக்கியம் பேசிவிட்டு ஆஸ்துமாக்காரன் மாதிரி நின்றுவிடும். "லினக்ஸ் ஏத்திக்கோ. ஏத்த ஆரம்பிக்கறப்பவே பேச ஆரம்பிச்சுடும்" என்றாள் நிபியா. "ஆனா நான் ஏத்தித் தர மாட்டேன். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன், நீதான் ஏத்தணும். நாளைக்கு அது படுத்துக்கிட்டா உனக்கு யாரு வருவா?"

ஸுல்மா வேலைக்குப் போயிருந்த ஒரு மழைக்காலக் காலையில் வந்தாள். வெள்ளைக் கோலை நாற்காலி முதுகில் மாட்டினாள். சமையலறை மேஜையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு பென்டிரைவை வைத்தாள்.

"பழைய பாட்டெல்லாம் காப்பி எடுத்துட்டியா?"

"ஒரு கார்னிவல் விடாம எடுத்தாச்சு."

"சரி, ஒரு துணியை எடுத்து ஸ்க்ரீன் மேல போடு."

"எதுக்கு? இன்னும் கொஞ்சம் தெரியுதே."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ மூக்கை அதுல கொண்டுபோய் தேய்க்கறது எனக்கு இங்க கேக்குது. அது பார்வை இல்ல, கிழவா. கெட்ட பழக்கம்."

டார்வின் கைத்துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டார்.

தொடக்கத்தில் மட்டும் இயந்திரம் ஊமை. பொத்தானை அழுத்தியதும் விசைப்பலகையின் மேல் வரிசைக் கட்டையொன்றை விடாமல் தட்ட வேண்டும். பிறகு கீழ் அம்புக்குறி, பிறகு என்டர். முதல் தடவை தப்பிப்போய், பழைய சிஸ்டத்தின் வரவேற்பு மெட்டு ஒலித்தது. "இன்னும் சாகல அவன்" என்றாள் நிபியா. இரண்டாம் தடவை ஒரு சின்ன 'பீப்'. சொல்லிவைத்தபடி 's' தட்டி என்டர் அழுத்தினார். வெகுநேரம் ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும். பிறகு துணிக்கு அடியிலிருந்து ஒரு குரல் இங்கிலீஷில் கடகடவென்று ஏதோ பொரிந்தது.

"பயப்படாதே, மொழி என்னன்னு கேக்குது. எண் போட்டுச் சொல்லும், நம்ம மொழி வரவரைக்கும் கேட்டுட்டு அந்த எண்ணைத் தட்டு."

தட்டினார். குரல் ஸ்பானிஷுக்கு மாறியது. ஆனால் மொந்தேவிதேயோவின் ஸ்பானிஷ் அல்ல. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துப் பேசும் மாட்ரிட் ஸ்பானிஷ், அதுவும் மூக்கடைத்தவன் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசியதுபோல.

"இவன் கஷேகோடீ!" என்றார் டார்வின். ஸ்பெயினின் எந்த மூலையிலிருந்து வந்தவனும் எங்களுக்குக் கலீசியாக்காரன், கஷேகோதான். இயந்திரத்துக்கு என்ன பெயர் என்று அந்தக் குரல் கேட்டபோது அதையே பெயராக வைத்தார்.

மற்ற கேள்விகளுக்கெல்லாம் சடசடவென்று பதில் சொன்னார். ஊர், கடவுச்சொல், விசைப்பலகை. கடைசியில் கஷேகோ, வட்டில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், மாற்றத்தை எழுதலாமா என்று கேட்டான். ஒன்று, ஆம். இரண்டு, இல்லை.

டார்வினின் விரல் கட்டையின் மேல் நின்றது.

"என்ன, மேடையில வசனம் மறந்துபோச்சா?"

"இல்ல. இதை அழுத்திட்டா, இனிமே கண்ணால படிக்கப்போறதில்லன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி."

நிபியா ஒரு பிஸ்கோச்சோவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடித்தாள்.

"டார்வின், நான் எதையும் இழந்தவ இல்ல, பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். உன் துக்கம் எனக்குத் தெரியாது. ஒண்ணை அழுத்து, இல்லேன்னா மாத்தேக்குத் தண்ணி காய வை. ரெண்டுல ஒண்ணு செய்."

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் வைத்தார். அது காய்ந்து வருகிற வரைக்கும் அடுப்பின் பக்கத்திலேயே நின்றார். திரும்பி வந்து ஒன்றை அழுத்தினார்.

நிபியா கிளம்புவதற்கு முன் ஒரு பழைய பாட்டைத் திறந்து கஷேகோவிடம் கொடுத்தார்கள். "மேயரின் விக் காற்றில் பறந்தது" என்று, நகராட்சிக் குழாயில் நாளைக்குத் தண்ணீர் வராது என்கிற தொனியில் வாசித்தான் அவன். நிபியா மேஜையில் அடித்து அடித்துச் சிரித்தாள். டார்வினும் சிரித்தார். அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்: கஷேகோ வாசித்தும் சாகாத வரிதான் வரி. மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டார்.

அன்று மாலை ஸுல்மா வந்தாள். கையைக் கழுவினாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு என்ன இருக்கு படிக்க?"

"ஒண்ணும் வேண்டாம்மா. லேப்டாப்புல புது சிஸ்டம் போட்டிருக்கு. எழுத்து இவ்ளோ பெரிசா வருது. நானே பாத்துப் படிச்சுட்டேன்."

"நீயேவா?" ஸுல்மாவின் குரல் சந்தோஷத்தில் கிறீச்சிட்டது. "பாத்தியா, கண்ணு தேறுது! நான் சொன்னேனா இல்லையா?"

"ஆமாம்."

"ரொம்ப நல்லதாப்போச்சு, குண்டா." கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மேஜையில் விழுந்திருந்த துகள்களை விரலால் ஒன்றுசேர்த்தாள். பிறகு எழுந்துபோய், காலையில் கழுவிக் கவிழ்த்துவைத்த வாணலியைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் ஓடுவதை டார்வின் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேக்கரியில் ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் அவள் அதைச் சொன்னாள். எங்க ஆளுக்குக் கண்ணு தேறிடுச்சு, இப்ப அவரே படிக்கறாரு. தெருவில் போகும்போது ஜனங்கள் டார்வினைக் கைதட்டிக் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். அவர் குரல் வந்த திசையைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

ஒத்திகைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனார். ருபேன் மாற்றிய வரியைப் பென்டிரைவில் வாங்கி, அங்கேயே கேட்டு, அங்கேயே சண்டை போட்டார். விடைப்பாட்டு அவருடையதாகவே நின்றது. அதைப் பாடும்போது முரசுக்காரன் இரண்டு தடவை தாளம் தவறினான், கண்ணைத் துடைக்கப் போய். கிண்டல் பாட்டெல்லாம் பசங்களுடையவை. அவையும் நன்றாகத்தான் இருந்தன. அவை நடக்கும்போது டார்வின் கொட்டகைக்குப் பின்னால் போய் நிற்பார். அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

கோடை வந்ததும் பார்வைக் குழாய் அடைத்துக்கொண்டது. ஒருநாள் காலையில் ஜன்னல் ஒரு வெளிச்சக் கறையாகத் தெரிந்தது, மேஜை தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டார். அது இருந்தால் கண் அந்தப் பக்கம் போய் வலித்தது, பேட்டரியும் வீண். ஸுல்மா வரும் நேரத்துக்கு மட்டும் ஏற்றிவைத்துக்கொள்வார்.

முதல் மேடைக்கு முந்தின வாரம் பேக்கரியில் அடுப்பு பழுதாகி, ஸுல்மா மத்தியானமே வந்துவிட்டாள். வெயிலுக்காக ஜன்னல் கதவுகளை இறக்கிவிட்டிருந்தது. டார்வின் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், இரண்டு காதிலும் இயர்போன். அவள் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் மெல்ல வந்து நின்றாள். அந்தப் பெரிய எழுத்துகளை அவளும் ஒருமுறை படித்துப் பார்க்க ஆசைப்பட்டாள்.

திரை கறுப்பாக இருந்தது.

"அணைஞ்சுபோச்சு பாரு, குண்டா" என்று சொல்லியபடி அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி லேப்டாப்பின் மூடியை இறக்கினாள். அது முழுக்க மூடவில்லை. அவர் கைகளின் மேல் போய் உட்கார்ந்தது. விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு அந்த மூடியின் அடியிலேயே மறுபடி தட்டத் தொடங்கின, வேகம் குறையாமல், வரி முடிகிற இடம் வரைக்கும். ஸுல்மா கையை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் மூடி வழியாக அவள் உள்ளங்கையில் வந்து பட்டுக்கொண்டிருந்தது.